ஹீட்டரில் தங்கிய தண்ணீர்

ஏப்ரல் 17, புதன்

நண்பன் ராஸின் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய, மலைமேல் இருக்கும் அவன் ஊர் ஓபரானுக்குப் போனேன். ஆறு மணி நேர வேலை. இன்ஜின் முழுக்க ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. அதற்குள் ராஸ் மூன்று முறை வந்து, "இன்னும் ஆரம்பிக்கலயாடா?" என்றான். இருபது வருடமாகக் கேட்கிறான். சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும் என்று நானும் இருபது வருடமாகச் சொல்கிறேன்.

குளிரிலும் உறையாத கூலன்ட் திரவத்தை வடித்துக் கேனில் ஊற்றி, கையோடு மூடினேன். இனிக்கும். அவர்கள் வீட்டு நாய் நக்கினால் பிழைக்காது. காரில் மலைப்பாதை ஏறும் இந்தப் பந்தயத்தில் கூலன்ட்டுக்கு அனுமதி இல்லை. பாதையில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கும். வெறும் தண்ணீர்தான், துருவுக்குக் கொஞ்சம் மருந்தோடு. இன்ஜினின் வெந்நீரை வாங்கிக் காருக்குள் சூடு தரும் ஹீட்டருக்குள்ளும் தண்ணீரை ஓடவிட்டு அலசினேன். பிறகு அதற்குப் போகிற குழாய், வருகிற குழாய் இரண்டையும் அடைத்தேன். அந்த அடைப்பான்கள் பதினோரு வருடத்துக்கு முன் நானே பொருத்தியவை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிடி. தள்ளினால் இரண்டும் மூடும், இழுத்தால் திறக்கும். இந்தப் பழைய ஆங்கிலேயக் காரில் ஓட்டுபவரின் இடது காலுக்கு மேலேயே கொதிநீர் ஓடுகிறது. உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அடைப்பான்களை வைத்தேன்.

ஓட்டுகிற எவனும் அதை யோசிப்பதில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு. ஈஸ்டர்

ராஸ் அவன் பிரிவில் முதல். இது ஐந்தாவது முறை.

மாலையில் கிளப் அறையில் பரிசளிப்பு. ராஸ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசினான். சாண்ட்விச் கட்டிக் கொடுத்த மனைவி க்ளெனிஸுக்கு நன்றி. டயர் கடைக்காரருக்கு நன்றி. நேரம் குறிக்கும் பெண்களுக்கு நன்றி. மழை தள்ளிப்போனதற்கு, மேலே பார்த்து, நன்றி. எல்லாரும் சிரித்தார்கள். முடிந்தது.

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

கிளப் தலைவர் டெர்ரி பின்னால் வந்து தோளில் தட்டினார். "என்னப்பா ஸ்பேனர், உன் பேர மறந்துட்டானா? விடு, உன் பேரு கோப்பையில ஏறுறதுக்கு இடம் ஏது."

ஸ்பேனர். பொறியியலில் முதல் வகுப்பு. கார் தொழிற்சாலையின் குளிரூட்டும் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம். நான் கையெழுத்திட்ட ரேடியேட்டர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. தொழிற்சாலையை மூடினார்கள். மனைவி டெனிஸ் என்னை விட்டுப் போய்விட்டாள். இப்போது நகராட்சிக் குடிநீரில் குளோரின் அளவு பார்க்கிறேன். ஸ்பேனர்.

ஏப்ரல் 22, திங்கள்

பந்தயம் முடிந்த மறுநாள் தண்ணீரை எடுத்துவிட்டுக் கூலன்ட் ஊற்றுவது வழக்கம். போகவில்லை. ஓட்டியவனே ஊற்றிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 25, வியாழன். ஆன்சாக் நாள்

போரில் இறந்தவர்களுக்கான விடியற்காலை நினைவஞ்சலிக்குப் போய் வந்தேன். ஆஸ்திரேலியக் குளிர்காலம் நெருங்குகிறது, மூச்சு புகையாகப் போகிற குளிர். பத்து மணிக்கு ராஸ் கூப்பிட்டான்.

"கிரேம்! என்னடா, ஆளையே காணோம்? உயிரோட இருக்கியா?"

"வேலை."

"கேளு, பெருமைப்படுவே. பனி வரப்போவுதுன்னு ரேடியோவுல சொன்னான். நானே தண்ணிய எடுத்துட்டுக் கூலன்ட் ஊத்திட்டேன். பாதிக்குப் பாதி. இன்ஜின் ஆறுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்டா, உன்னை மாதிரியே மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு."

பின்னால் க்ளெனிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது இருக்கா? நான் எதையாவது விட்டுட்டேனா?"

விட்டிருந்தான். பிடியைப் பற்றி அவன் சொல்லவே இல்லை, அது மூடியபடியே இருக்கிறது. ஹீட்டரில் நான் அடைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. ரேடியேட்டரை எத்தனை முறை வடித்தாலும் அது வராது. பிடியை இழுத்துவிட்டு மறுபடி வடி என்று சொன்னால் போதும்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"பாத்தியா! இனிமே நீ தேவையே இல்ல போல!" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

ஏப்ரல் 26, வெள்ளி

விளையாட்டுக்குத்தான் சொன்னான். தெரியும். அதனால் என்ன?

ஏப்ரல் 30, செவ்வாய்

ஓபரானில் நேற்றிரவு மைனஸ் ஒன்று. ஷெட்டுக்குள் அவ்வளவு இறங்காது.

மே 7, செவ்வாய்

மைனஸ் மூன்று. செய்தி எழுதினேன்: "ஹீட்டர் பிடியை இழுத்துவிட்டு மறுபடி வடி." அழித்தேன். இப்போது சொன்னால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நானா மறப்பேன்?

மே 8, புதன்

மைனஸ் ஐந்து.

மே 9, வியாழன்

மைனஸ் ஆறு. தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு பருக்கும். அடைத்த இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஐம்பது வருடத்துப் பித்தளை, தாள் மாதிரித் தகடு.

உடையட்டும். கம்பளம் நனையும், ஹீட்டர் போகும். அடுத்த கிளப் பயணத்தில் எல்லார் முன்னாலும் வண்டி ஒழுகும். அப்போது டெர்ரியிடம் அவன் சொல்லட்டும், ஸ்பேனர் தேவையில்லை என்று. எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

மே 18, சனி

போனேன். சொல்லத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

ராஸ் விறகு வாங்கப் போயிருந்தான். க்ளெனிஸ் டீ போட்டுக் கொடுத்தாள், சூப்பும் கொடுத்தாள். அவள் எப்போதுமே கொடுப்பாள். டெனிஸ் போன வருடம் வாராவாரம் டப்பாவில் அனுப்பினாள்.

"காருக்குள்ள கால் வைக்கிற இடம் ஈரமா இருக்கு கிரேம். மேல மடக்குற துணி ஹூட் ஒழுகுதுன்றான். ஆனா பத்து நாளா மழையே இல்லயே?"

சூப் கரண்டியைக் கீழே வைத்தேன். ஹீட்டர் உடைந்துவிட்டது. உறைந்தது உருகி, ஒழுகி, வெறும் கூடாகத் தொங்குகிறது. அந்தப் பிடியை எவனாவது இழுத்தால், இன்ஜினின் கொதிநீர்...

"பனி உருகுறதா இருக்கும்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள்.

திரும்பி வரும்போது இரண்டு இடத்தில் காரை நிறுத்தினேன். இரண்டு இடத்திலும் மறுபடி கிளம்பினேன், வீட்டைப் பார்த்து.

ஜூன் 6, வியாழன்

கடைத்தெருவில் டெர்ரி. "உன் ஆளு ஏணியில இருந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டான், தெரியுமா? ஞாயித்துக்கிழமைப் பயணத்துக்கு க்ளெனிஸ்தான் ஓட்டுறா. அவதான் நல்லா ஓட்டுவான்னு நான் எப்பவோ சொன்னேன்."

க்ளெனிஸுக்குக் குளிர் ஆகாது.

ஜூன் 8, சனி

நாளைக் காலை சொல்லிவிடுவேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "ராஸ், கூப்பிடு" என்று பதிவு செய்தேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் முழுதாகச் சொல்லவில்லை? பிடியை இழுக்காதே — இரண்டு வார்த்தை. வாய் இருந்தது, போன் கையில் இருந்தது. அவன் முதலில் கேட்கட்டும் என்று இருந்தேனா? இன்றைக்குக்கூடவா?

ஒன்பதரைக்குக் கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை.

"வண்டி சூடாச்சு... குளுருதுன்னு ஹீட்டரப் போட்டாடா... அப்படியே கொட்டுச்சு, கால்மேல. ஆவியில ஒண்ணும் தெரியல. கத்திக்கிட்டே ஓரமா கொண்டாந்து நிறுத்தினா. அவதான் நிறுத்தினா. என்னால ஒத்தக் கையில கதவத் தொறக்க முடியலடா..."

துணிக் காலணி போட்டிருந்தாளாம். இவன் பதறிப்போய்க் காலுறையைக் கழற்றியிருக்கிறான். அதோடு தோலும் வந்தது.

ஜூன் 10, திங்கள்

சிட்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடது பாதம், கணுக்கால், முழங்காலுக்குக் கீழே பாதி. ஆழமான காயம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும்.

நான் வேலைக்குப் போனேன். குளோரின் சரியாக இருந்தது.

ஜூன் 15, சனி

மூன்றரை மணி நேரம் ஓட்டி சிட்னி போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

ராஸ் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டான். மாவுக்கட்டு முதுகில் இடித்தது. "நான்தான்டா எதையோ தப்பா பண்ணிட்டேன். தெரியாத வேலையில கை வச்சேன். நீ காலையில கூப்பிட்டிருந்தே, ஓட்டத்துல பாக்கல. எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மாதான்."

உள்ளே க்ளெனிஸ் சாய்ந்து படுத்திருந்தாள். காலுக்கு மேல் கூடாரம் மாதிரி ஒரு சட்டம், அதன்மேல் போர்வை. வலி மருந்தில் முகம் வெளிறியிருந்தாலும் கண் தெளிவாக இருந்தது.

"ராஸ், எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா. கீழ இருக்கிற மெஷின் காபி வேணாம். தெருவுல போய் வாங்கிட்டு வா."

அவன் போகும்வரை காத்திருந்தாள்.

"ஆன்சாக் அன்னைக்கு ஸ்பீக்கர்ல பேசிட்டிருந்தான். நான் பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். வேற ஏதாவது இருக்கான்னு கேட்டான். நீ பேசவே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு போன எட்டிப் பாத்தேன். ஓடிட்டுதான் இருந்துச்சு. அப்புறமா ஒண்ணும் இல்லன்னே."

நான் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"நான் ஈரம்னு சொன்னப்பவும்?"

"ஆமா."

"ஏன் கிரேம்?"

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. பரிசளிப்பு இரவைச் சொன்னேன். டயர் கடைக்காரருக்குச் சொன்னான், மழைக்குச் சொன்னான், எனக்குச் சொல்லவில்லை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் புகார் சொல்கிற குரல்.



"அவ்வளவுதானா?" என்றாள்.

அதற்குமேல் ஏதாவது இருக்கும் என்று நிஜமாகவே காத்திருந்தாள். இல்லை. அவ்வளவுதான்.

"ராஸ் வந்ததும் சொல்லிடறேன்" என்றேன்.

"மாட்டே. சொல்லிட்டு, அவன் திட்டினதும் நிம்மதியாப் போயிடுவே. அவன் ராத்திரியெல்லாம் தூங்கல. தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கான். பழைய ஹீட்டர், யாரு பண்ணியிருந்தாலும் ஒடஞ்சிருக்கும், உன் மேல தப்பில்லன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான், வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டான். சனிக்கிழமை சனிக்கிழமை வழக்கம்போல வா. எனக்குத் தெரியும்ங்கிறதோட வா."

ராஸ் மூன்று காபியோடு வந்தான். எனக்குச் சர்க்கரை இல்லாமல், நினைவு வைத்திருந்தான்.

சொன்னேன். யார் செய்திருந்தாலும் உடைந்திருக்கும் என்றேன். "நெஜமாவா?" என்றான். நிஜமாக என்றேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். க்ளெனிஸ் என்னைப் பார்க்கவில்லை. காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, சனி

இரண்டாவது முறை தோல் ஒட்டினார்கள். ஓபரானில் ராஸோடு கம்பளத்தைப் பிய்த்து எடுத்தேன்.

ஜூலை 13, சனி

போனேன்.

ஜூலை 22, திங்கள்

கிளப் கூட்டத்தில் டெர்ரி: "பந்தயத்துக்கு அப்புறம் தண்ணி மாத்துறதப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடு கிரேம். அடுத்தவங்களுக்கு இப்படி ஆகக்கூடாது. உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" கிரேம் என்றார். கை தட்டினார்கள். ராஸ்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

ஜூலை 23, செவ்வாய்

எழுதினேன். "ஹீட்டரில் தங்கும் தண்ணீரை மறக்க வேண்டாம்." மறக்க வேண்டாம் என்பதை அடித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. மறுபடி அதையே எழுதினேன்.

ஆகஸ்ட் 17, சனி

புது ஹீட்டரைப் பொருத்தி முடித்தோம். காற்றழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டோம். ராஸின் கட்டு பிரித்தாகிவிட்டது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் பேசினான். அடுத்த ஈஸ்டர், புது டயர், எல்லாம். "உன் பேரையும் கதவுல எழுதப் போறேன்டா, என் பேருக்கு மேல" என்றான். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

இன்ஜின் சூடு காட்டும் முள் தொண்ணூறுக்கு வந்தபோது க்ளெனிஸ் கைத்தடியோடு ஷெட்டுக்குள் வந்தாள். மருந்துக்கடையில் வாங்கிய அகலமான செருப்பு. நடக்கும்போது அந்தக் காலை முழுதாக ஊன்றுவதில்லை.

"ஏறி உக்காரு கிரேம்" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"ஷூவக் கழட்டு. சாக்ஸும்."

ராஸ் சிரித்தான். "என்னடி இது, கோயில் மாதிரி?"

"பரிசோதன" என்றாள்.

கழற்றினேன். தகரத்தில் பாதம் ஜில்லென்று இருந்தது. அவள் கதவில் சாய்ந்து கையை நீட்டிப் பிடியை இழுத்தாள். குழாயில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. நான் காலை எடுக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கால்களையே பார்த்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். வெந்நீர் வரவில்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும் வந்து விரல்களில் பட்டது.

"சரி" என்றாள். "அடுத்த தடவையும் நீதான் மொதல்ல உக்காரணும்."

"அது நல்ல விதிடி" என்றான் ராஸ். "கிளப்புலயே போட்டுடலாம்."

அவள் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். இன்ஜினை அணைத்துவிட்டு, அது ஆறுவதற்காக நானும் ராஸும் காத்திருந்தோம்.