துண்டுக்கடியில் வாங்கிய மாடுகள்

சம்பந்தி,

நேற்றுத்தான் என் மணிக்கட்டிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மழையில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சரசு பிடித்து அனுப்பிய கிடாரிக்கன்று இடித்துத் தள்ளிவிட்டது. அது எந்த மாட்டின் கன்று என்று சொன்னால் அங்கிருந்தே சிரிப்பீர்கள், பிறகு சொல்கிறேன்.

கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது என் கைதானா என்று சந்தேகமாக இருந்தது. தோலுரித்த மரவள்ளிக்கிழங்கு போல வெளுத்துக் கிடந்தது. வீட்டிலேயே தினமும் மடக்கி நீட்ட வேண்டும் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். இன்று காலை என் மகள் சரசு, அதாவது உங்கள் மருமகள், பஸ் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தைலக் குப்பியைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

எழுபத்திரண்டாம் வருடம், ஆடிக் காற்று தென்னைகளைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்கள். உங்களுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, பேச்சும் குழறிப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கிளம்பும் முன் அந்த மலையாளத்து நர்ஸ் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்கிக் காட்டி, "ஒரு திவசம்கூட முடக்கருது, கேட்டோ?" என்றாள். ஒரு நாள் விட்டால்கூட கை இறுகிவிடும் என்று சொல்லும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான், அவ்வளவுதான்.

வேறு யார் இருந்தார்கள்? சம்பந்தியம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உங்கள் ஒரே மகனுக்குத் தோட்டத்தையும் கிணற்று மோட்டாரையும் விட்டு நகர முடியாது. சரசு கஞ்சி காய்ச்சுவாள், துணி அலசுவாள், ஒத்தடத்துக்குத் தவிடு வறுப்பாள். ஆனால் மாமனாரின் கையைத் தொட்டு எப்படி மடக்குவாள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்களுக்கு எதிரே அவள் உட்கார்ந்ததில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாக நின்றுதான் பேசுவாள். அதனால் நான் தங்கினேன்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டால் மறுவேளைக்குள் பஸ் ஏறிவிடுவதுதான் நம் பக்கத்து மரியாதை. நானோ பாயும் பெட்டியுமாக வந்துவிட்டேன். டீக்கடையில் விடுவார்களா?

"ஏனுங், ஊட்டோட மாப்ளை கேள்விப்பட்டிருக்கறோம். ஊட்டோட சம்மந்திய இப்பத்தானுங் பாக்கறோம்!"

"அதென்னமோ போங், சீதனமா என்னையவும் சேத்துக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

உண்மையைச் சொன்னால், சம்பந்தி, அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது களைப்புதான். காலையில் தைலம், பிறகு ஒத்தடம், பிறகு கையைத் தூக்கி இறக்குவது, விரல் பிரிப்பது, என் தோளில் உங்களைச் சாய்த்துக்கொண்டு வேப்பமரம் வரை போய்த் திரும்புவது. சாயங்காலம் எல்லாம் மறுபடியும். உங்களை ஒல்லியான மனிதர் என்று நினைத்துத்தான் பெண் கொடுத்தேன். தூக்கிப் பார்த்த பிறகுதான் எடை தெரிந்தது. உங்களுக்குத் தேய்த்து மிஞ்சிய தைலத்தை என் இடுப்பில் தேய்த்துக்கொள்வேன். சரசு ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தபடியே தூங்கினாள். நீங்களோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வீர்கள். இத்தனைக்கும் பிறகு உங்களுக்குத் திரும்பி வந்த முதல் தெளிவான சொல் என்ன? "போதும்."

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகராக உங்கள் கைக்கு இருந்த பேர் எனக்குத் தெரியும். இரண்டு தரகர்கள், நடுவில் துண்டு, துண்டுக்கடியில் கைகள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. பிடிக்கிற விரலில் விலை. மொத்தக் கையையும் சேர்த்து இறுகப் பிடித்தால் பேரம் முடிந்தது. அந்தக் கை விறகுக்கட்டை மாதிரி மடியில் கிடந்தால் நீங்கள் சுவரைப் பார்க்காமல் என்ன செய்வீர்கள்?

ஒரு சந்தை நாள். சாலையில் காளைகளின் கழுத்துமணிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தீர்கள். மடியில் துண்டு கிடந்தது. துண்டு அசைந்தது. உற்றுப் பார்த்தேன், உங்கள் இடது கை, அடியில் கிடந்த வலது கையின் விரல்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்களோடு நீங்களே பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டுக்குள் கையை விட்டேன். "ஏனுங் தரகரே, அந்தச் செவலைக் காளை என்ன வெலைங்?"

பாதி முகம் சிரித்தது. மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரியாத ஆள் சந்தைக்கு வந்துவிட்டான் என்ற சிரிப்பு. பிறகு என் ஆள்காட்டி விரலின் மேல் ஏதோ ஊர்வது போலிருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அந்தக் கை தானாக நகர்ந்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து நான் உங்களிடம் வாங்காத மாடில்லை. செவலை, மயிலை, காங்கேயத்து ஜோடி, கன்று போடாத பசு, கண் தெரியாத எருமை வரை என் தலையில் கட்டினீர்கள். ஒரு பேரத்திலாவது நான் ஜெயித்தேனா? ஆனால் எந்தப் பேரமும் முடியவுமில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கவே மாட்டேன் என்றன. மொத்தக் கையையும் பிடிக்க முடியாமல் நீங்கள் துண்டை உதறிவிட்டுத் திரும்பிக்கொள்வீர்கள். நான் போய் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரி பண்ணையாளை அனுப்பினாள். "கடலைக்கா மொளைச்சுப் போகுதுங்களாமா. வந்து புடுங்கறீங்களா, இல்ல அங்கயே ஒரு கடலைக்காடு வாங்கிக்கறீங்களான்னு அம்மா கேட்டாங்க" என்றான். போகாமல் முடியாது. போனால் உங்கள் விரல்களை யார் பிரிப்பார்கள்? மாப்பிள்ளை முயன்று பார்த்தார். பாவம், மண்வெட்டிக் காம்பைப் பிடிக்கிற பிடி அவருக்கு. நீங்கள் போட்ட சத்தத்தில் கோழிகள் கலைந்தன. சரசு கதவோரத்தில் நின்று என்னையும் உங்கள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றாள். வந்த கொஞ்சமும் இறுகிப் போய்விடும் என்ற பயத்தோடுதான் பஸ் ஏறினேன். கடலைக்காய் பிடுங்கும்போதெல்லாம் செடியைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தலையில் கடலைக்காய் மூட்டை. வாசலுக்கு வரும்போதே உள்ளே சத்தம்.

"இந்த வெலைக்கு நான் கழுதைகூட வாங்க மாட்டனுங் மாமா! பல்லு வுழுந்த மாட்டக் காட்டி ஏமாத்தறீங்களா?"

எட்டிப் பார்த்தேன். என் ஸ்டூலில் சரசு உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கு நேர் எதிரே! முந்தானை தோளில் கிடந்தது. நடுவில் துண்டு, அடியில் இரண்டு கைகள். சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண். மாமனாரின் கையை அவள் தொடக் கூடாது. ஆனால் துண்டுக்கடியில் இருப்பது மாமனார் கை இல்லையே, தரகர் கை. அதை யார் கேட்பார்கள்?

"பல்லு... இருக்கு..." என்று நீங்கள் குழறினீர்கள். துண்டு மெல்லச் சுருங்கியது. சரசுவின் முகம் மாறியது.

"அப்பா! முடிஞ்சுதுங்ப்பா! மாமா முழுக்கையும் புடிச்சுட்டாங்!"

மூட்டையை இறக்கி வைக்கவேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள்தான் இடது கையால் சைகை காட்டி, "எறக்கு... ங்க" என்றீர்கள். கழுத்து இரண்டு நாள் வலித்தது.

நீங்கள் பழையபடி தரகுக்குப் போகவில்லை; கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் தை பிறந்ததும் மாப்பிள்ளை வண்டி கட்டினார். சந்தையில் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரே ஒரு பேரம் பேசினீர்கள். துண்டு விழுந்ததும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பேரம் முடிந்ததும் எதிரே இருந்த தரகர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணன் புடி லேசாத்தானுங் இருக்குது, வெலைதான் ஏற மாட்டீங்குது" என்றார். அந்தக் கறுப்புப் பசுவை நீங்கள் மருமகளுக்கென்று வாங்கினீர்கள். அது ஈன்ற கிடாரி ஈன்றதுதான் என்னைத் தள்ளிவிட்ட இந்தக் கன்று. உங்களிடம் வாங்கிய மாடுகளிலேயே நிஜமாக என் வீட்டுக்கு வந்தது இது ஒன்றுதான். அதுவும் என் கையை ஒடித்தது.

மறு ஆடிக்கு நீங்கள் இல்லை. இரண்டாவது முறை இழுத்தபோது கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் கிடத்தியபோது வலது கை விரல்கள் தளர்வாக, பிரிந்து கிடந்தன. இறுகவில்லை. அழுதுகொண்டே சரசு அதைத்தான் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

இன்று காலை தைலம் தேய்த்து முடித்து அவள் தன் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஓரம் நைந்திருக்கிறது. என் கையின் மேல் போட்டு, அடியில் தன் கையை விட்டு, "என்ன வெலைங்?" என்றாள். வலி உயிர் போயிற்று. "போதும் அம்மிணி" என்றேன்.

"மாமாவும் இதையேதானுங் சொன்னாங். வெலையச் சொல்லுங்."

ஒரு விரலைப் பிடித்தேன். இரண்டாவதையும் பிடித்தேன். முழுக்கையும் இன்னும் கூடவில்லை. கூடும் வரை தானும் இங்கேதான் இருக்கப்போவதாகச் சொல்லி, தன் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள் சரசு. துண்டு என் மடியிலேயே கிடக்கிறது. உங்கள் வாசனைதான் அடிக்கிறது, சம்பந்தி.