ராணி எழுந்துவிட்டாளா

பித்கோஷ்ச்,
மார்ச் 14

அன்புள்ள போக்னாவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுத மனம் வரவில்லை, உன் நலத்தை விசாரிக்கவும் வரவில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் அதைக் கேட்டாக வேண்டும் என்று அம்மா பழக்கிவிட்டுப் போய்விட்டார். ஆகவே கேட்கிறேன், நலமா?

லெஷெக்கை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. கூடப் பிறந்தவன் அடக்கத்துக்கு நீ வரவில்லை. இணையத்தில் சொல்லி ஒரு மலர் வளையம் அனுப்பினாய், அதுவும் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க நின்று, "எங்கம்மா வைக்கணும்?" என்றான். சமையலறை நாற்காலியில் வைக்கச் சொன்னேன். மூன்று நாள் அது எதிரே உட்கார்ந்திருக்க, நான் சூப் குடித்தேன்.

அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை காலை முதல் முறையாகச் செய்தி வருகிறது: "ராணி எழுந்துட்டாளா?" அவ்வளவுதான். அக்கா எப்படி இருக்கிறாய் என்றில்லை, அண்ணன் கடைசியில் என்ன சொன்னான் என்றில்லை. குளிருக்குத் தூங்கும் எறும்பு எழுந்துவிட்டதா என்று கேட்கிறாய். நீயெல்லாம் என்ன ஜென்மமோ போ.

சரி, கேட்டாயே, சொல்கிறேன். நவம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் லெஷெக் தன் எறும்புகள் இருந்த கண்ணாடிக் கூட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தான். செருப்புப் பெட்டி அளவு இருக்கும். உள்ளே இருந்த பீட்ரூட்டையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு, "ஆயிரம் பேர் தூங்குறாங்கக்கா, கதவ மெதுவா சாத்து" என்றான். அன்று முதல் பீட்ரூட் பால்கனியில், எறும்பு உள்ளே. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் மாவுக்குள் ஒரு எறும்பு தெரிந்தால் என் வேலை போய்விடும். அங்கே முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, இங்கே ஆயிரம் எறும்புக்குக் காவல் இருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி எழுதிக் கொடுத்தான், கோணல்மாணலான எழுத்து. மார்ச்சில் வெளியே எடுத்து மூன்று நாள் குளிர்ந்த ஜன்னலோரம் வைக்க வேண்டும். அப்புறம்தான் அறைக்குள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு ஒரு துளி தேன், ஒரு வாரம் கழித்துத்தான் ஈ. அடியில் இரண்டு கோடு போட்டு, 'அவசரப்படுத்தாதே' என்று எழுதியிருக்கிறான். சாகப் போகிறவன் எனக்குக் கொடுத்த புத்திமதி அவ்வளவுதான்.

உன்னைப் பற்றி மட்டும் மூன்று முறை கேட்டான். "போக்னா வரேன்னு ஏதாவது சொன்னாளா?" மூன்று முறையும், "லீவு கெடைக்கலையாம்டா" என்று உனக்காக நான் பொய் சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

ராணி எழுந்துவிட்டாள். போதுமா? வேலைக்கார எறும்புகள் அவளை மொய்த்துக்கொண்டு நக்குகின்றன. அவள் எங்கே இருக்க வேண்டும் என்று அவையே முடிவு செய்து இழுத்துப் போகின்றன.

அவள் உன்னுடையவள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நீ டப்ளினுக்குப் பஸ் ஏறிய சாயங்காலம், மழை விட்டுச் சிறகு எறும்புகள் தரையெல்லாம் ஊர்ந்தபோது, புதினா மிட்டாய் டப்பாவில் இவளைப் பிடித்து அவன் கையில் திணித்தாய். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்றாய். அவன் பதினேழு குளிர்காலம் பார்த்துக்கொண்டான்.

தபாலில் அனுப்பமாட்டேன். ஈஸ்டருக்குள் நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் அவன் பக்கத்திலேயே கூட்டைத் திறந்து விட்டுவிடுவேன். கடவுள் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
ஹலினா


பித்கோஷ்ச்,
ஏப்ரல் 2

அன்புத் தங்கை போக்னாவுக்கு,

உன் பதிலும் டிக்கெட்டின் நகலும் வந்தன. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மதியம் வந்து இறங்குகிறாய். அண்ணன் சாகக் கிடந்தபோது வர முடியாதவள் எறும்பு என்றதும் டிக்கெட் எடுத்துவிட்டாளே என்று கறுவிக்கொண்டுதான் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவன்தான் உன்னை வரவேண்டாம் என்றானாமே. "இந்தக் கோலத்துல என்னப் பாக்காத. மார்ச்ல ராணி எந்திரிப்பா, நானும் எந்திரிச்சிடுவேன், அப்ப வா" என்றானாமே. அவன் சொன்ன மார்ச் வந்துவிட்டது, அக்காவிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் அதைக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் வராதே என்று சொல்லிவிட்டு, என்னிடம் அவள் வருகிறாளா என்று கேட்டிருக்கிறான். படுத்த படுக்கையாகக் கிடந்தும் நம் இரண்டு பேரையும் ஏய்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் உயிரோடு இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன்.

ஆனால் அடக்கத்துக்கு வராததற்கு இது காரணமாகாது. சவப்பெட்டியைப் பார்க்கும் தைரியம் இல்லை என்கிறாய். எனக்கு மட்டும் இருந்ததா? அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை காலை உன் செய்தி வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காய்கறித் தட்டை இழுத்தேன், கூட்டை எடுத்தேன், நேராகக் கொண்டுபோய்ச் சமையலறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தேன். "கேக்குறா பாரு, எந்திரிடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். கதவில் தாள் இருந்தது, இரண்டு கோடு இருந்தது. எனக்குத் தெரியாமல் நடந்ததல்ல, போக்னா. தெரிந்தே வைத்தேன், வைத்துவிட்டு டிராம் பிடித்துப் போய்விட்டேன்.

நான்கு மணிக்குத் திரும்பினால், கண்ணாடி தொட முடியாமல் சுடுகிறது. பாதிக்கு மேல் சுருண்டு கிடந்தன. மிச்சமிருந்தவை ராணியை ஈரப் பஞ்சின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றன. அவள் கால் அசைந்தது. அவை நக்கும்போது அசைகிறதா, தானாக அசைகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதும்போதே சந்தேகம் இருந்தது. இருந்தும் எழுந்துவிட்டாள் என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் நீ வருவாய் என்று எழுதினேன்.

சனிக்கிழமை பல் டாக்டர் ரட்கோவ்ஸ்கி வந்தார். லெஷெக்கோடு எறும்பு வளர்க்கும் சங்கத்தில் இருப்பவர். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இவ போயி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஹலினாம்மா. ஒடம்புல வாசம் இருக்கற வரைக்கும் இதுங்களுக்கு அவ உசிரோடதான். நக்கிட்டேதான் இருக்கும். நீங்க பிடுங்கிடாதீங்க" என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. ரேடியேட்டரை ஒரு பார்வை பார்த்தார், தேநீரைக் குடித்தார், போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை, ஒரு எறும்புக்காக அழுதேன்.

மிச்சம் முந்நூறு இருக்கலாம். ராணி இல்லாமல் இனி முட்டை கிடையாது. இருப்பவை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும் என்கிறார் டாக்டர். தாளில் உள்ளபடி எல்லாம் செய்கிறேன். தண்ணீர் வைத்தேன், தேன் வைத்தேன், நேற்று ஒரு ஈயும் வைத்தேன். ஈயைத் துண்டாக்கி முதலில் அவள் வாயருகே கொண்டுபோய் வைக்கின்றன.

ராணிக்காகத்தான் நீ வருவதாக இருந்தால் வர வேண்டியதில்லை. அவள் செத்ததை உன்னிடம் மறைத்து உன்னை வரவழைக்க எனக்கு இனித் தெம்பு இல்லை. இந்த வீட்டில் நானும் முந்நூறு எறும்பும்தான் இருக்கிறோம். என்னைத் திட்டிக்கொண்டு வந்தாலும் சரி, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலும் சரி.

பால்கனியில் இருந்த பீட்ரூட்டை உள்ளே எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். ஈஸ்டர் சூப்புக்கு அதைப் புளிக்கப் போட வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும். ஒருத்திக்குப் போடுவதா, இரண்டு பேருக்கா என்று மட்டும் அதற்குள் எழுது.

உன் அக்கா,
ஹலினா