பானை விற்கிறவருக்கு

மதிப்பிற்குரிய பானைக்காரப் பெரியவருக்கு, அரண்மனையிலிருந்து அரசி வணக்கத்துடன் எழுதுவது. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு இதை உங்களிடம் கொடுக்கும்படி வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

நேற்று சபையில் உங்களுக்கு நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். சுரங்க முதலாளிகள் உங்களை எங்கோ ஒரு சந்தையில் பிடித்து, இவர்தான் காணாமல் போன ராஜா என்று இழுத்து வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டம் போட்டார். தான் பயணம் போய்த் திரும்பும்வரை அதில் கைவைப்பதில்லை என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். போனவர் போனவர்தான். அவர் ஊருக்குள் கால் வைத்தால் அன்றோடு சத்தியம் முடிந்தது. மறுநாளே சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அதற்காகவே அவர் திரும்பவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்த பிறகும் கோபம் போகவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பார்த்த மனிதர், கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"நான் பானை விக்கிறவன், என்னை விட்ருங்க" என்று நீங்கள் கெஞ்சினீர்கள். சாட்சிக்கு நீங்களே செய்த பானையையும் காட்டினீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் கோணல் பானையைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகமே வலுத்தது. அவர் முகத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இப்போது இங்கே அதிகம் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கிட்டே வந்து பார்த்தேன். இருமல் வந்தபோது இடது கையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினீர்கள். அவரும் அப்படித்தான் செய்வார். அதனால் என்ன, உலகத்தில் இருமுகிறவர்கள் எத்தனையோ பேர். "இவர் யாரோ. எங்க வீட்டுக்காரர் இல்லை" என்று சபைக்கே கேட்கும்படி சொன்னேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும். அதற்கு நன்றி.

உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள் என் மகள். அவள் அப்பா போனபோது பால்குடி மறக்காத குழந்தை. இப்போது அவளுக்கே ஒரு பையன். வீட்டுக்கு வந்ததும், "பாவம்மா அந்தத் தாத்தா, குவளையைத் திருப்பித் தராம என்னையே பார்த்துட்டிருந்தார்" என்றாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வண்டிக்காரரிடம் ஒரு கம்பளி கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்காக நெய்து வைத்தது. பெட்டியில் கிடந்து பூச்சி அரிப்பதற்குப் பதில் உங்களுக்காவது உதவட்டும். காதையும் மூடிக்கொண்டு படுங்கள். காற்று ஆகாது.

ஓர் உதவி கேட்கிறேன். போகிற வழியில் எங்காவது அவரைப் பார்த்தால், என் கோபம் நேற்றோடு தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். பேரனுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்றும் சொல்லுங்கள். வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம் என்று நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களை யாரென்றே தெரியாத
அரசி