அருந்ததியின் நிறம்

காஜா பெராங், மலாக்கா
சித்திரை, 1944

அன்புள்ள அத்தானுக்கு,

சயாமுக்கு ஜப்பான்காரர்கள் மறுபடியும் ஆள் பிடிக்கிறார்கள். அதில் போகும் பக்கத்து வீட்டுக்காரர் இதை உங்களிடம் சேர்ப்பதாகச் சொன்னார். நாங்கள் நலம். மரவள்ளிக்கிழங்குக்குக் குறைவில்லை.

ரயில் பாதை போட உங்களைக் கொண்டுபோன அன்று நீங்கள் சொன்னபடி, பொழுது சாய்ந்ததும் நம் மகள் பத்மினியோடு கொல்லையில் நின்று வடக்கே அருந்ததியைத் தேடுகிறேன். வசிஷ்டரை ஒட்டி, நல்ல கண்ணுக்கு மட்டும் தெரியும் அந்த மங்கலான வெள்ளைப் புள்ளியை நீங்களும் அங்கிருந்து பார்ப்பீர்கள் என்பதுதான் எனக்குத் துணை.

பங்குனியிலிருந்து எனக்கு அது தெரியவில்லை. முதலில் மேகம் என்று நினைத்தேன். பிறகு இருட்டினால் வாசற்படியே தெரியவில்லை. பிள்ளை பயப்படுவாளே என்று, "அதோ, தெரியுது பாரு," என்பேன். அவளும், "ஆமாம்மா, அப்பா நட்சத்திரம்," என்பாள்.

நேற்று ஆசையாய்க் கேட்டேன். "என்ன கலர்ல இருக்கு, கண்ணு?"

"சிவப்பா இருக்கும்மா."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "உண்மையைச் சொல்லு. தெரியுதா?"

"இருட்டினா எனக்கு ஒன்னுமே தெரியலம்மா. சொன்னா நீ அழுவே."

அழத்தான் அழுதேன், அவளைக் கட்டிக்கொண்டு.

இன்று காலை இருவரும் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் போனோம். "கிழங்கையே தின்னா வர்ற மாலைக்கண்மா இது. செம்பனை எண்ணெய் குடிச்சா சரியாப் போயிரும்," என்றார்.

செங் ஊர்ப் பக்கம் எண்ணெய் கிடைக்கிறதாம். நாளை விடிந்ததும் கல்யாணப் புடவையைக் கொடுத்து வாங்கி வருவேன். ஒருவருக்குத்தான் போதும் என்றால் அவள் குடிக்கட்டும். அவள் பார்த்துச் சொன்னால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி