சிக்னல் கிடைத்த பாத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க முட்டி வலி குறைஞ்சுதா? பாப்பா தாத்தாவை ரொம்பப் படுத்துறாளா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இனிமே மதியம் என் போன் வராது, பயந்துடாதீங்க. பண்ணையில குளிர்காலத்துப் பட்டாணி போட்டிருக்கோம். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வேருக்குக் கொடுக்கிற பாக்டீரியாவைப் பாதி விதையில கலந்து விதைச்சோம். மீதிப் பாதியை ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா விட்டோம். அது வெளுத்துப்போய்தான் நிக்கணும்.

ஆனா சும்மா விட்ட அந்தப் பாதிக்குள்ள வேலி வரைக்கும் ஒரு கோடு மாதிரி செடி பச்சைப்பசேல்னு நின்னுச்சு. கோடு முடியிற மூலையில முறம் அகலத்துக்கு இன்னும் பச்சை. மேலாளர் ஒண்ணைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு, கீறினா உள்ள இளஞ்சிவப்பு. அந்த பாக்டீரியா இங்கயும் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

“பூட்ஸைக் கழுவாம பாக்டீரியா போட்ட பாத்தியிலேர்ந்து இங்க வந்தது யாரு?”

நான்தான்னு சொல்லிட்டேன். அந்த மூலையில மட்டும்தான் சிக்னல் எடுக்கும். பாப்பா எனக்கு ஒப்பிச்ச ரெண்டாம் வாய்ப்பாட்டை அந்தச் செடிங்களும் கேட்டிருக்கு. ஒரு பருவத்துச் சோதனை வீண். வேலை போகல, திட்டோட விட்டுட்டார். ஆனா அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். நான் ரூமுக்கு வர்றப்போ அங்க அவ தூங்கிடுறா.

ஒரு சின்ன வேலை. பாப்பாவைத் தாள் மேல நிக்கவச்சு, ரெண்டு காலையும் சுத்திப் பென்சிலால வரைஞ்சு அனுப்புங்க. செருப்பு வாங்கத்தான். தாளை மடிக்காம அனுப்புங்க.

வண்டி ஹாரன் அடிக்குது.

உங்க மகள்