ஆல்பத்தில் வெளுத்த முகம்

அன்புள்ள நைனாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா நன்றாக இருக்கிறார்களா?

எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தோஹா குளிர்கிடங்கு வேலையில் வெயிலே படாமல் எலும்பில் சத்து குறைந்துவிட்டதாம். இங்குள்ள தமிழ் டாக்டர், “தெனமும் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு தம்பி” என்றார். நின்றேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. கரும்புக்கொல்லையில் நாள் முழுக்க நிற்கும் உங்களை நினைத்தேன்.

என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, “இது யாரு மூஞ்சிடா? நானே இல்லியே!” என்றீர்கள். போட்டோக்காரர் மேல் பழி போட்டேன். பெண் வீட்டாருக்காக உங்களை வெளுப்பாக்கச் சொன்னது நான்தான்.

அந்தப் படத்தை இங்கே அறையில் ஒட்ட மனம் வரவில்லை. கொல்லையில் நீங்கள் நிற்பதைத் தங்கச்சியிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

பவுடர் போட வேண்டாம், நைனா.

லோகேஷ்