எழில் மட்டும் கொண்டுவந்ததல்ல

அன்புள்ள அப்பாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து வளவன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி கம்மியாயிற்றா? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கடையை ஒண்டியாகப் பார்க்காதீர்கள்.

நேற்று வீடியோவில் பேசும்போது உங்கள் பேத்தி அபிநயா தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "போட்டேம்ப்பா" என்றாள். அவள் அம்மா எழில் லாட்ஜ் வேலைக்குப் போன பிறகு நீங்கள் அதைக் கொடுப்பதில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லாத சீக்கு, அவ கொண்டாந்ததுதான்" என்று எழிலைப் பற்றி முன்பு சொன்னீர்கள். அதனால் இங்கே நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அபிநயாவுக்கு இருக்கும் இந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வருமாம். ஒன்று மட்டும் இருப்பவருக்கு நோய் வராது. எழிலைப் போலவே என்னிடமும் ஒன்று இருக்கிறது. எனக்கு அது உங்களிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்கும்.

எனக்கு முன்னால் பிறந்து, நடக்கும் முன்பே இறந்துபோன அக்காவை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் என்று அம்மா உயிரோடு இருந்தபோது சொல்வார். லீவில் வந்தபோது அபிநயாவின் நெற்றியும் அப்படித்தான் கரித்தது. இந்த நோய்க்கு அதுதான் அடையாளமாம். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். அக்காவை நினைக்கப் பயந்துதான் எழில் மேல் பழி போடுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

மாத்திரை இல்லாவிட்டால் சாப்பிடுவது அவள் உடம்பில் ஒட்டாது அப்பா. சோறு போடும்போதே கையில் கொடுங்கள். எழில் வந்ததும் "சாப்ட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னை அப்படிக் கேட்க இங்கே ஆளில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

வளவன்